கம்பியைத் தொடும் கைக்கே உரிமம் வேண்டும்

மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காருப்பேட்டையிலிருந்தும் விடியற்காலையில் பெங்களூருவுக்குப் புறப்படும் ரயில்களில் நிற்க இடம் கிடைப்பதே அரிது. 2001ஆம் ஆண்டில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தை அன்றைய வாஜ்பாய் அரசு இழுத்து மூடிய பிறகு, கோலார் தங்கவயலின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிழைப்புக்காக நாள்தோறும் இந்த ரயில்களில்தான் தலைநகரம் வந்து திரும்புகிறார்கள். காவலாளிகள், கடைச் சிப்பந்திகள், கட்டிடத் தொழிலாளர்கள் எனப் பலரும் அடங்கிய அந்தக் கூட்டத்தில், தோள்பையில் டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் இன்சுலேஷன் டேப்பும் வைத்திருக்கும் இளைஞர்களும் உண்டு. ஒயிட்ஃபீல்டிலும் கே.ஆர்.புரத்திலும் இறங்கி, எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிகளுக்குள் சென்று, சுவரில் காடி வெட்டி, குழாய் பதித்து, கம்பி இழுத்து, இரவில் அதே ரயிலில் ஊர் திரும்புகிறார்கள்.

பெங்களூருவின் வீடுகளில் விளக்கெரிவது இவர்களுடைய உழைப்பால். ஆனால் சட்டத்தின் பார்வையில் இவர்களில் பலர் மின்தொழிலாளர்களே அல்லர். பத்தாண்டு, பதினைந்தாண்டு வேலை செய்தவர்களிடமும் அரசு வழங்கும் கம்பியாளர் அனுமதிச் சீட்டு இருப்பதில்லை. இதை ஏதோ நிர்வாகக் குறைபாடு என்று நாம் கடந்து சென்றுவிட முடியாது. உயிருக்கு யார் பொறுப்பு, கூலியை யார் தீர்மானிப்பது, ஆபத்தான வேலையை மறுத்துப் பேசும் துணிவு யாருக்கு உண்டு ஆகிய கேள்விகள் அனைத்தும் இந்த உரிமம் யார் கையில் இருக்கிறது என்பதோடு பிணைந்துள்ளன. எனவே கட்சியும் தொழிற்சங்கமும் இதில் தெளிவான நிலை எடுத்தாக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதி இத்துறையின் அடிப்படையாக நெடுங்காலம் இருந்தது. மின் இணைப்பு அமைக்கும் வேலை, கூடுதலாகச் சேர்க்கும் வேலை, மாற்றியமைக்கும் வேலை, பழுதுபார்க்கும் வேலை ஆகியவற்றுக்கு அது மூன்று நிபந்தனைகளை விதித்தது. வேலையை எடுப்பவர் மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரராக இருக்க வேண்டும். தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரின் நேரடிக் கண்காணிப்பில் வேலை நடக்க வேண்டும். வேலையைச் செய்பவர் அனுமதிச் சீட்டு பெற்ற கம்பியாளராக இருக்க வேண்டும். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளுக்கு மட்டுமே விலக்கு. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்துக்குப் பிறகு, மத்திய மின்சார ஆணையம் 2010இல் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும், அவற்றின் இடத்தில் 2023இல் வந்த புதிய ஒழுங்குமுறைகளும் இதே கட்டமைப்பைத் தொடர்கின்றன. கர்நாடகத்தில் தலைமை மின் ஆய்வாளரின் கீழ் இயங்கும் மின் ஆய்வுத் துறை இந்த உரிமங்களையும் சான்றுகளையும் அனுமதிகளையும் கையாளுகிறது. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் அப்பணியைச் செய்கிறது. அங்கே பேச்சுவழக்கில் ‘சி லைசென்ஸ்’ என்றால் மேற்பார்வையாளர், ‘பி லைசென்ஸ்’ என்றால் கம்பியாளர்.

எழுத்தில் இது நல்ல சட்டம். முதலீடு போடுபவர், மேற்பார்க்கும் பொறியாளர், கையால் செய்பவர் ஆகிய மூவரையும் தனித்தனியே பொறுப்பாக்குகிறது. கையால் செய்பவருக்கும் அரசு அங்கீகாரம் பெற்ற தகுதி இருக்க வேண்டும் என்று அது வலியுறுத்துவதே அதன் சிறப்பு.

நடைமுறை வேறு. கட்டிட உரிமையாளர் புதிய மின் இணைப்பு கேட்டு பெஸ்காமில் விண்ணப்பிக்கும்போது, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் கையொப்பமிட்ட வேலை நிறைவு அறிக்கையை இணைக்க வேண்டும். அந்தக் கையொப்பம்தான் சந்தையில் விலை பெறுகிறது. கட்டிட முதலாளி மின்வேலையை ஒருவரிடம் ஒப்படைப்பார். அவர் அதை ஒரு மேஸ்திரியிடம் தள்ளிவிடுவார். மேஸ்திரி ஊரிலிருந்து நான்கு இளைஞர்களை அழைத்து வருவார். கடைசியில் அறிக்கையில் கையொப்பமிடும் உரிமதாரர் அந்தக் கட்டிடத்தின் படியேறிக்கூடப் பார்த்திராதவராக இருக்கலாம். மேற்பார்வையாளரின் சான்றிதழ் ஒரு நிறுவனத்தின் கோப்பில் இருக்கும். அவர் வேறோர் ஊரில் வேறு வேலையில் இருப்பார். சான்றிதழ் வாடகைக்குப் போகிறது என்பது இத்தொழிலில் உள்ள யாவரும் அறிந்த உண்மை.

ஆக, சட்டம் மூவரையும் பொறுப்பாக்கியது; சந்தை மூவரையும் பிரித்துவிட்டது. தாளில் ஒருவர், தளத்தில் வேறொருவர். இலாபம் தாள் வைத்திருப்பவருக்கும், மின் அதிர்ச்சி கம்பி பிடித்திருப்பவருக்கும் போய்ச் சேருகின்றன.

தொழிலாளிக்கு ஏன் கிடைப்பதில்லை?

அனுமதிச் சீட்டு பெறுவதற்குப் பொதுவாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்துத் தேர்ச்சி பெறுவது. ஐ.டி.ஐ.யில் மின்பணியாளர் பிரிவு இரண்டாண்டுப் படிப்பு. சேருவதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். கம்பியாளர் பிரிவும் இரண்டாண்டுதான். எட்டாம் வகுப்பு போதும். ஆனால் பதினாறு வயதில் வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டிய பையனுக்கு இரண்டாண்டு கூலியின்றி இருப்பது எப்படி முடியும்? மற்றொன்று, வேலை அனுபவத்தைக் காட்டித் தேர்வு எழுதுவது. அந்த அனுபவத்துக்கு எழுத்துச் சான்று தர வேண்டியவர் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர். பெயரே பதிவேட்டில் ஏறாமல், மேஸ்திரி கையால் வாரக்கூலி வாங்குபவருக்கு எந்த ஒப்பந்ததாரர் சான்று தருவார்? தந்தால், அந்தத் தொழிலாளி தன்னிடம் ஐந்தாண்டு வேலை செய்தார் என்பதற்கு அவரே சாட்சி சொன்னது போலாகும். வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் கேட்கப்படும் என்ற அச்சம் அவருக்கு உண்டு.

இதில் ஒரு வர்க்க நலன் ஒளிந்திருக்கிறது. அனுமதிச் சீட்டு பெற்ற தொழிலாளி ஓர் ஒப்பந்ததாரரை விட்டு மற்றொருவரிடம் செல்லலாம், கூலி பேசலாம். சீட்டு இல்லாதவர் மேஸ்திரியின் நிழலிலேயே நிற்க வேண்டும். திறமை ஒன்றாக இருந்தாலும் விலை வேறாகிறது. உழைப்புச் சக்தியை மலிவாக வாங்குவதற்கான பல வழிகளில், திறமையைத் திறமை என்று ஒப்புக்கொள்ள மறுப்பதும் ஒன்று.

ஒன்றிய அரசு 2015இல் தொடங்கிய திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்றொரு பிரிவு உண்டு. சில நாள் வகுப்பு, ஒரு மதிப்பீடு, ஒரு சான்றிதழ். அது சுவரில் மாட்டப் பயன்படலாம். ஆனால் மின்சார விதிகள் கோரும் அனுமதிச் சீட்டாக அது தானே மாறிவிடுவதில்லை. ஒரு கையால் சான்றிதழ் கொடுத்து, மறு கையால் தொழில் உரிமையை அரசு பிடித்து வைத்திருக்கிறது.

மறுக்கும் உரிமை

உரிமம் என்றதும் அதைக் கூலியோடு மட்டும் இணைத்துப் பார்ப்பது போதாது. உயிரோடு அதற்குள்ள தொடர்பை இத்தொழிலில் உள்ள தோழர்கள் நன்கறிவார்கள்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மனித உடலின் வழியே பாய்ந்து உயிரைப் பறிக்க மிகச் சிறிய மின்னோட்டமே போதும். அதனால்தான் கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டும்போதே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி பொருத்தப்படுகிறது. ஒழுங்கான எர்த் குழி, தொடர்ச்சியான எர்த் கம்பி, சுமைக்கேற்ற தடிமனுள்ள கம்பி, இந்தக் கருவி ஆகிய நான்கும் இருந்தால் பெரும்பாலான சாவுகளைத் தடுக்கலாம். செலவைக் குறைக்க நினைக்கும் ஒப்பந்ததாரர் கை வைப்பதும் முதலில் இந்த நான்கில்தான். “எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து முறுக்கிவிடு”, “இரண்டரை சதுர மில்லிமீட்டர் கம்பி எதற்கு, ஒன்றரை போதும்”, “மெயினை அணைக்க வேண்டாம், மற்ற வேலை நின்றுவிடும், அப்படியே கொடு” என்ற ஆணைகள் அன்றாடம் பிறக்கின்றன.

இந்த ஆணைக்கு ‘முடியாது’ என்று சொல்ல வேண்டியவர் யார்? கம்பியைக் கையில் பிடித்திருப்பவர்தான். ஆனால் அனுமதிச் சீட்டில்லாத தொழிலாளி மறுத்தால், “நீ என்ன லைசென்ஸ் வாங்கினவனா?” என்ற ஒரே கேள்வியில் அவர் வாய் அடைக்கப்படும். மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லப்படும். சட்டம் அளித்த தகுதியோடு நிற்பவர், விதியைக் காட்டி மறுக்க முடியும். தவறான வேலைக்குத் தன் பெயரும் எண்ணும் பதியப்படும் என்ற கவலை அவருக்கு இருக்கும். அக்கவலையே அவருக்குப் பலமாகவும் அமையும். தொழிலாளியின் கையிலுள்ள உரிமம், கட்டிடத்தில் வருங்காலத்தில் குடியிருக்கப்போகும் குடும்பத்தின் பாதுகாப்பும் ஆகும்.

அந்தப் பாதுகாப்பு இல்லாததன் விலையை நாடு கட்டிக்கொண்டிருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகளின்படி, அண்மை ஆண்டுகளில் மின்சாரம் தாக்கி ஆண்டுதோறும் 12,000க்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். மின்கோளாறால் எழும் தீ விபத்துகள் இதில் சேரா. 2019 டிசம்பர் 8 அன்று தில்லி அனாஜ் மண்டியில், பை தயாரிக்கும் பட்டறைகளில் உறங்கிக்கொண்டிருந்த 43 தொழிலாளர்கள் தீயிலும் புகையிலும் மாண்டனர். பெரும்பாலோர் பீகாரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். மின்கசிவே தீக்குக் காரணம் என்று முதற்கட்ட விசாரணை கூறியது. மோசமான கம்பி வேலையின் பலி, கம்பி வேலை செய்தவர் மட்டுமல்லர். அந்தக் கூரையின் கீழ் உறங்கும் ஏழைகள் அனைவரும்தான்.

மின்வாரியக் கட்டமைப்பிலும் பொறுப்பு இவ்வாறே கீழ்நோக்கி உருளுகிறது. 2023 நவம்பர் 19 அதிகாலையில், தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய ஓர் இளம் தாய் தன் ஒன்பது மாதப் பெண் குழந்தையைச் சுமந்துகொண்டு கணவரோடு பெங்களூரு காடுகோடியில், ஹோப் ஃபார்ம் சந்திப்புக்கு அருகே நடைபாதையில் நடந்து சென்றார். அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்துத் தாயும் சேயும் அந்த இடத்திலேயே உயிரிழந்தனர். பெஸ்காம் பொறியாளர்களோடு ஒரு லைன்மேனும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். தவறு செய்தவர் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆயினும், பராமரிப்புக்கு எத்தனை ஆட்கள் இருந்தார்கள், ஒரு லைன்மேனுக்கு எத்தனை கிலோமீட்டர் கம்பி ஒப்படைக்கப்பட்டிருந்தது என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய கொள்கை வகுப்பாளர்கள் மீது எந்த நடவடிக்கையும் பாயவில்லை.

இரண்டு தவறான பதில்கள்

இந்த நிலைமைக்கு ஆளும் வர்க்கத்திடமிருந்து இரண்டு பதில்கள் வருகின்றன.

முதல் பதில், கட்டுப்பாட்டைத் தளர்த்து என்பது. ‘தொழில் செய்வதை எளிதாக்குதல்’ என்ற பெயரில் ஆய்வாளர்களின் இடத்தில் சுயசான்றளிப்பு புகுத்தப்படுகிறது. குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்கு உட்பட்ட அமைப்புகளுக்கு உரிமையாளரே பாதுகாப்புச் சான்று அளித்துக்கொள்ளலாம் என்று மத்திய ஒழுங்குமுறைகள் இடமளிக்கின்றன. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், தொழிலாளர் ஆய்வாளர் ‘ஆய்வாளரும் உதவியாளரும்’ ஆக மாற்றப்பட்டார். ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்புக்கான வரம்பு 20 பேரிலிருந்து 50 பேராக உயர்த்தப்பட்டது. நான்கைந்து பேர் கொண்ட மின்கம்பிக் குழு இந்த வரம்பின் அருகில்கூட வராது.

இரண்டாவது பதில், உரிமமில்லாதவர்களைப் பிடித்துத் தண்டி என்பது. விபத்து நடந்த மறுவாரம் எழும் இந்தக் குரல், உரிமம் பெறும் வழியைத் தொழிலாளிக்கு அடைத்து வைத்திருக்கும் ஏற்பாட்டைக் கேள்வி கேட்பதில்லை. பெங்களூருவில் இக்குரல் எளிதில் ‘வெளியூர்க்காரன்’ மீதான வெறுப்பாகவும் மாறிவிடும். 2024 ஜூலையில் தனியார் துறை வேலைகளில் உள்ளூர்வாசிகளுக்கு ஒதுக்கீடு அளிக்கும் மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்து, முதலாளிகள் எதிர்த்தவுடன் அதைக் கிடப்பில் போட்டது. கன்னட இளைஞனின் வேலையின்மைக்குத் தமிழ்த் தொழிலாளியோ ஒடியத் தொழிலாளியோ காரணமல்ல. இருவரையும் பதிவேடின்றி வேலை வாங்கும் முறையே காரணம் என்பதை நாம் பொறுமையாக விளக்க வேண்டியுள்ளது.

நமது தோழர்களிடையேயும் ஒரு தயக்கம் உண்டு. ஒரு கிளைக் கூட்டத்தில் மூத்த தொழிலாளி ஒருவர் கேட்டார்: “இருபது வருசமா கம்பி இழுக்கிறேன். இப்போ அரசாங்கத்துக்கிட்டப் போய் எனக்கு வேலை தெரியும்னு ஒரு சீட்டு வாங்கி வரணுமா? சீட்டுன்னாலே நம்ம கழுத்துல மாட்டுற கயிறுதானே, தோழர்?” இக்கேள்வியை நாம் அலட்சியம் செய்ய முடியாது. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

வரலாறு கற்பிப்பது

பெங்களூருவுக்கு மின்சாரம் வந்த கதையே தங்கவயலோடு கலந்தது. 1902ஆம் ஆண்டு காவிரியின் சிவனசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து முதலில் மின்சாரம் கொண்டுசெல்லப்பட்டது பிரிட்டிஷ் முதலாளிகளின் தங்கச் சுரங்கங்களுக்குத்தான். பெங்களூரு நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிய 1905 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடாற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த ஒடுக்கப்பட்ட மக்கள்.

1930ஆம் ஆண்டு, தொழிலாளர்களின் கைரேகையை எடுத்துப் பதிவு செய்யும் முறையை நிர்வாகம் கொண்டுவந்தபோது, அவர்கள் ஏறத்தாழ மூன்று வாரங்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களைக் குற்றவாளிகள் போல் நடத்தவும், போராடியவரை அடையாளம் கண்டு வேறு சுரங்கத்திலும் வேலை கிடைக்காமல் செய்யவும் அந்தப் பதிவு பயன்படும் என்று அவர்கள் சரியாகவே கணித்தார்கள். மூத்த தோழரின் கேள்வியில் ஒலிப்பது அந்தப் பாட்டன்மார்களின் குரல்தான்.

ஆனால் ஆவணங்கள் எல்லாம் ஒன்றல்ல. கைரேகைப் பதிவு முதலாளியின் கையில் இருந்தது. தொழிலாளியைக் கட்டிப்போட உருவாக்கப்பட்டது. நாம் கோரும் அனுமதிச் சீட்டு தொழிலாளியின் கையில் இருக்க வேண்டியது; முதலாளியைக் கட்டுப்படுத்தப் பயன்பட வேண்டியது. வாக்காளர் அட்டைக்கும் அடிமைச் சீட்டுக்கும் உள்ள வேறுபாடு இது. எந்த ஆவணத்தையும், அதை யார் தருகிறார், யார் வைத்திருக்கிறார், யாருக்கு எதிராகப் பயன்படுகிறது என்ற மூன்று கேள்விகளால் நாம் அளந்து பார்க்க வேண்டும்.

உலகத் தொழிலாளி வர்க்கத்தின் அனுபவமும் இதையே கூறுகிறது. அமெரிக்காவில் மின்தொழிலாளர்களின் சங்கம் 1891இல் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கப்பட்டது. கம்பமேறும் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. சங்கத்தின் முதல் தலைவரான ஹென்றி மில்லரே 1896இல் வேலையின்போது மின்சாரம் தாக்கிக் கம்பத்திலிருந்து விழுந்து இறந்தார். முறையான பயிற்சி இல்லாதவரைக் கம்பத்தில் ஏற்றக் கூடாது என்ற கோரிக்கை அங்கு சாவிலிருந்து பிறந்தது. அதே வரலாற்றின் கறுப்புப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. தொழிற்பயிற்சியையும் உரிமத் தேர்வையும் கறுப்பினத் தொழிலாளர்கள் நுழைய முடியாத வேலியாக வெள்ளையர்கள் பல ஊர்களில் பயன்படுத்தினார்கள். அந்த வேலியை உடைக்கக் குடியுரிமைப் போராட்டமும் 1964ஆம் ஆண்டுச் சட்டமும் தேவைப்பட்டன. சாதி வேரூன்றிய நம் நாட்டில் இந்த எச்சரிக்கை மிகவும் பொருத்தமானது. பள்ளிச் சான்றிதழையும் ஒப்பந்ததாரர் கடிதத்தையும் கோரும் தேர்வு, யாரை வெளியே நிறுத்துகிறது என்று கணக்கெடுத்தால், அந்த வரிசையில் தலித்துகளும் புலம்பெயர்ந்தோருமே முன்னால் நிற்பார்கள்.

நாம் கோர வேண்டியவை

எனவே உரிமத்தை ஒழிப்பதும் நம் கோரிக்கையல்ல, உரிமமற்றவரை விரட்டுவதும் நம் கோரிக்கையல்ல. வேலை தெரிந்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரிமம் கிடைக்கச் செய்வதே நம் கோரிக்கை.

முதலாவதாக, அனுபவமுள்ளவர்களுக்கான திறந்த தேர்வு. இதற்கு முன்மாதிரி தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் நடத்தப்படுகிறது. மின் ஒயரிங் தொழிலில் ஐந்தாண்டுக்குக் குறையாத செய்முறை அனுபவமும் 21 வயதும் நிறைந்தவர்கள் அதை எழுதலாம், வயதுக்கு உச்சவரம்பில்லை. அத்தேர்விலும் குறைகள் உண்டு. உதவியாளர் என்ற கீழ்ப்படியோடு பலர் நின்றுவிடுகிறார்கள். எனினும் நாற்பது வயதுத் தொழிலாளிக்கும் கதவு திறந்திருக்க வேண்டும் என்ற கொள்கை சரியானது. கர்நாடக அரசு இதனினும் விரிவான தேர்வை, ஆண்டுக்கு இருமுறை, மாவட்டந்தோறும், எழுத்தைவிடச் செய்முறைக்கு முதன்மை கொடுத்து நடத்த வேண்டும். தேர்வு கன்னடத்தில் நடக்கட்டும். தமிழ், தெலுங்கு, உருது, இந்தி பேசும் தொழிலாளர்கள் தங்கள் மொழியிலும் விடையளிக்க வழி இருக்கட்டும். நம் தமிழ்த் தொழிலாளர்கள் தளத்தில் பயன்படும் கன்னடப் பாதுகாப்புச் சொற்களைக் கற்றுக்கொள்வதும் அவசியம். ‘மெயினை அணை’ என்ற எச்சரிக்கை புரியாமல் போவது உயிரிழப்பில் முடியும்.

இரண்டாவதாக, அனுபவச் சான்று தரும் ஏகபோகத்தை ஒப்பந்ததாரரிடமிருந்து அகற்ற வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவையும் தொழிற்சங்கத்தின் சான்றையும் அனுபவத்துக்கு ஆதாரமாக ஏற்க வேண்டும்.

மூன்றாவதாக, வேலை நிறைவு அறிக்கையில் ஒப்பந்ததாரரின் கையொப்பத்தோடு, அந்த வேலையைச் செய்த கம்பியாளர்களின் பெயரும் அனுமதி எண்ணும், மேற்பார்வையாளர் தளத்துக்கு வந்த நாட்களும் பதியப்பட வேண்டும். சான்றிதழை வாடகைக்கு விடும் வணிகத்தின் வேரை இது அறுக்கும். பாதுகாப்பற்ற வேலையை மறுத்ததற்காகக் கூலி பிடிப்பதும் வேலை நீக்கம் செய்வதும் குற்றமாக்கப்பட வேண்டும்.

நான்காவதாக, பயிற்சிக் காலத்துக்குக் கூலி. கட்டுமானச் செலவிலிருந்து வசூலிக்கப்படும் வரி நல வாரியத்தில் பெருந்தொகையாகச் சேர்கிறது. மாலை நேர வகுப்புகளுக்கும், தேர்வுக்கு வரும் நாட்களின் கூலி இழப்புக்கும் அப்பணத்தைச் செலவிடுவது அதன் நோக்கத்துக்கு முற்றிலும் உகந்தது.

ஐந்தாவதாக, மின் ஆய்வுத் துறையின் காலியிடங்களை நிரப்பி, சுயசான்றளிப்பைக் கைவிட வேண்டும். மின் பகிர்மானத்தைத் தனியாரிடம் கொடுக்க வழி தேடும் மின்சாரச் சட்டத் திருத்த முயற்சிகளை எதிர்க்கும் நம் போராட்டத்தோடு இக்கோரிக்கை இயல்பாக இணைகிறது.

கிளைகளின் கடமை

கோரிக்கை மனு கொடுப்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. பெங்களூருவில் தமிழ்த் தொழிலாளர்கள் வாழும் பகுதிகளிலும், தங்கவயலிலும், ஓசூர் எல்லையிலும் உள்ள கிளைகள் உடனடியாகச் செய்யக்கூடியவை சில உள்ளன.

தம் பகுதியில் மின்கம்பி வேலை செய்வோரின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலைக் குறிப்பேடு இருக்கட்டும். எந்தக் கட்டிடம், எந்த நாள், என்ன வேலை, யாரிடம் என்பது அன்றன்று எழுதப்படட்டும். நாளை அனுபவத்துக்கும், கூலி பாக்கிக்கும், விபத்து இழப்பீட்டுக்கும் அதுவே ஆவணமாகும். அனைவரையும் கட்டுமான நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். மின்கம்பி வேலை கட்டுமான வேலையே என்பது பல தொழிலாளர்களுக்குத் தெரியாது. ஓய்வுபெற்ற மின்வாரியத் தோழர்களைக் கொண்டு வாரம் ஒரு மாலை வகுப்பு நடத்தலாம். ‘லைன் கிளியர்’ வாங்காமல் கம்பத்தில் கை வைக்கக் கூடாது என்பதை முப்பதாண்டு வாழ்ந்து காட்டியவர்கள் அவர்கள்; அந்த அறிவு அவர்களோடு ஓய்வுபெற்றுவிடக் கூடாது.

விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். மின்விபத்து பற்றி 24 மணி நேரத்துக்குள் மின் ஆய்வாளருக்குத் தகவல் தர வேண்டும் என்பது விதி. தரப்பட்டதா என்று அன்றே கேட்க வேண்டும். ஆய்வாளரின் விசாரணை அறிக்கையைக் கோரிப் பெற வேண்டும். “அவரிடம் லைசென்ஸ் இல்லை, ஆகவே இழப்பீடு கிடையாது” என்று ஒப்பந்ததாரர் சொன்னால் அதை நம்பிக் குடும்பத்தினர் வெறுங்கையோடு திரும்பிவிடக் கூடாது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம், மது அருந்தியிருத்தல், பாதுகாப்பு ஆணையை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றுதல் ஆகியவற்றையே முதலாளி தப்பிக்கும் காரணங்களாகக் கூறியது. உயிரிழப்பு நேர்ந்தால் அவையும் செல்லா. அனுமதிச் சீட்டு இல்லாமை அந்தப் பட்டியலில் இல்லை. சீட்டில்லாதவரை மின்வேலையில் ஏற்றியது ஒப்பந்ததாரரின் விதிமீறல். அதன் தண்டனையை விதவையின் தலையில் சுமத்த முடியாது.

மூத்த தோழரின் கேள்விக்கு அன்றைய கூட்டத்தில் உடனே பதில் கிடைக்கவில்லை. விவாதம் நீண்டது. இறுதியில் அவரே சொன்னார்: “சரி, சீட்டு வாங்குவோம். ஆனா மேஸ்திரி கையால வாங்க வேண்டாம்; சங்கத்தோட போய் வாங்குவோம்.” அந்த ஒரு சொற்றொடரில் நம் வேலைத்திட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தனித்தனியாக வரிசையில் நின்றால் அது விண்ணப்பம். சேர்ந்து போய்க் கேட்டால் அது உரிமை. தங்கவயல் ரயிலில் விடியலில் ஏறும் ஒவ்வொரு மின்தொழிலாளியின் சட்டைப்பையிலும் அவருடைய பெயர் பொறித்த அனுமதிச் சீட்டு இருக்கும் நாளை உருவாக்கும் பணியை, வரும் மாதங்களில் ஒவ்வொரு கிளையும் கையிலெடுக்கட்டும்.